கடைசி ஆள்

தலைவர் காபிக் கோப்பையோடு வீரர்கள் பகுதிக்கு இறங்கி வந்தபோது, அவருடைய ஆள் கடைசியில் வந்துகொண்டிருந்தான். சாதாரணக் கடைசி அல்ல. இருபது பேர் ஒரே கொத்தாக முன்னால் போக, வட்டப் பாதையில் அரைச் சுற்று தள்ளி, துணைக்கு ஒரு ஈ காக்கை இல்லாமல் தன்னந்தனியாக மிதித்துக்கொண்டிருந்தான்.

"லட்சணத்தைப் பாரு," என்றார் தலைவர், பின்னாலேயே வந்த மச்சானிடம். "இதுக்கா பதினாலு மணி நேரம் பறந்து வந்தோம்?"

மச்சான் சிரித்தார். தலைவர் வாயை மூடும் இடமெல்லாம் சிரிப்பதுதான் அவருக்கு உத்தியோகம். அணியின் மசாஜ்காரர் வரவேண்டிய இடத்தில் அவர் வந்திருந்தார்.

உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்களுக்கான ஆம்னியம். ஒரே நாளில் நான்கு சைக்கிள் பந்தயங்கள், நாலின் புள்ளிகளையும் கூட்டி ஒரு வெற்றியாளர். மூன்று முடிந்து நான்காவது நடந்துகொண்டிருந்தது. நூறு சுற்றில் இன்னும் பன்னிரண்டு பாக்கி.

இந்த நான்காவது பந்தயத்தில் புள்ளிகள் எப்படி விழும் என்று காலையில் கோச் ஒரு தாளில் எழுதி விளக்க வந்தார். தலைவர் அந்தத் தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் செருகிவிட்டார். சைக்கிள் சங்கத்துக்குத் தலைவராகிப் பதினோரு வருடம் ஆகிறது. அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. அது ஒரு குறை என்று அவரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

மேலே மின்பலகையில் அவருடைய ஆளின் பெயர் நான்காவதாக இருந்தது. நான்காவது ஆளுக்குப் பதக்கம் கிடையாது என்கிற அளவுக்குத் தலைவருக்கு விதி தெரியும். இந்த வேகத்தில் போனால் அந்த நாலும் நிலைக்காது.

கோச் கம்பித் தடுப்பை ஒட்டி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அழுகிறார் என்று பட்டது. தலைவருக்கு மனசுக்கு இதமாக இருந்தது.

"என்னய்யா கோச், உன் ஊமையன் மானத்தை வாங்கிட்டானே."

ஊமையன் என்பது தலைவர் வைத்த பெயர். ஆறு வருடமாக அணியில் இருக்கிறான், ஒரு நாள் கூட அவர் எதிரில் வந்து கை கட்டி நின்றதில்லை.

"சார், அவன் இப்ப..."

"நீ பேசாதே. எனக்குக் கண்ணு இருக்கு."

கோச் துண்டை வாயோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

ஊமையன் கடந்துபோன பக்கமெல்லாம் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைவருக்கு உடம்பு கூசியது. "பரிதாபப்பட்டுத் தட்டறாங்க பாரு. பிச்சை போடற மாதிரி."

அப்போதுதான் அவருக்கு அந்தக் கடிதம் ஞாபகம் வந்தது. வெளிநாட்டு அணி ஒன்று இரண்டு வருடமாக ஊமையனைக் கேட்டுக்கொண்டிருந்தது. சங்கம் 'ஆட்சேபனை இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். கோச் மாதாமாதம் கடிதத்தைத் தயார் செய்து கொண்டுபோவார், தலைவர் மாதாமாதம் கிழித்துப் போடுவார். இந்த வாரத்தோடு அந்த அணி கொடுத்த கெடுவும் முடிகிறது. ஊமையனுக்கு வயது இருபத்தெட்டு. இதை விட்டால் அவனை வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

"அந்த லெட்டர் வச்சிருக்கியா?"

"எந்த லெட்டர் சார்?"

"அதான்யா, மாசாமாசம் தூக்கிட்டு வருவியே. எடு. இந்தக் குப்பையை அவங்களே அள்ளிட்டுப் போகட்டும். இவன் இடத்துல மச்சான் பையனைப் போட்டுக்கலாம்."

மச்சான் இந்த முறை சிரிக்க மறந்து கும்பிட்டார்.

கோச் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். "பந்தயம் முடியட்டுமே சார். அவசரப்பட்டுட்டு அப்புறம் வருத்தப்படுவீங்க."

"வருத்தமா, நானா?"

அந்த வார்த்தைதான் தலைவரை உசுப்பிவிட்டது. மெக்கானிக்கின் கருவிப் பெட்டி மேல் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கோட்டுப் பையிலிருந்து சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார். அதை அவர் யாரையும் நம்பி விட்டு வருவதில்லை; விமானத்திலும் மடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினார். வாயால் இரண்டு முறை ஊதி, ஓங்கிக் குத்தினார்.

"தேதி போடலியே சார்."

"நேரத்தையும் சேர்த்தே போடறேன், போதுமா? எத்தனை மணிக்கு இவனைத் தலைமுழுகினேன்னு ஊருக்கே தெரியட்டும்."

கோச் கடிதத்தை மடித்து, சட்டையின் உள்பையில் வைத்து, பட்டனைப் போட்டார். அதற்கப்புறம்தான் வாயிலிருந்து துண்டை எடுத்தார். தலைவர் எதிர்பார்த்த அழுகை அங்கே இல்லை.

அரங்கம் இரைந்தது. ஊமையன் கொத்தின் வாலைப் பிடித்து, அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டான். கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது.

"பரவாயில்லையே," என்றார் தலைவர், பெரிய மனது பண்ணி. "கடைசி ஆளா இருந்தாலும் கூட்டத்தோட வந்து சேர்ந்துட்டான்."

கோச் முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அவன் கடைசி இல்ல சார். எல்லாருக்கும் ஒரு முழுச் சுத்து முன்னாடி. அதுக்கு இருபது புள்ளின்னு காலையில தாள்ல எழுதிக் கொடுத்தேனே."