சொந்த அனுபவம்

"இன்ஜினீயரிங் படிச்சுட்டு எதுக்குத் தம்பி விக்கிற வேலைக்கு வாரீங்க?"

மேனேஜர் மலையாண்டி சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் சாய்பிரசாத்துக்குக் காது சூடாகிவிட்டது.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த லாட்ஜில் அறை எடுத்து, தண்ணீர் மோட்டார் கம்பெனி ஒன்று சேல்ஸ் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஏதோ சரிந்தது என்று, கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்த வருஷம் அது. மெக்கானிக்கல் படித்த சாய்பிரசாத்தை எந்த ஃபாக்டரியும் கூப்பிடவில்லை. கடைசியில், நண்பனின் ஷூவை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருந்தான்.

"படிச்சது விக்கிறதுக்கும் உதவும் சார்" என்றான். மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில். "கிணத்துல தண்ணி எம்புட்டு ஆழத்துல கிடக்கு, பைப்பு எம்புட்டு தூரம் போகுதுன்னு கேட்டா, எந்த மோட்டார் போதும்னு நானே கணக்குப் போட்டுச் சொல்லிருவேன். சின்ன மோட்டார் போதும்னா சின்னதையே வாங்கச் சொல்லுவேன். அடுத்த தடவை அந்த ஆளு வேற கடைக்குப் போக மாட்டாரு."

"நல்ல பதில்தான். ஆனா காலையில இருந்து வந்த இன்ஜினீயருங்க பூராம் இதைத்தான் சொன்னாங்க." மலையாண்டி பேனாவை மூடி வைத்தார். "மோட்டாரைப் பத்தி நானே சொல்லிக் குடுத்துருவேன் தம்பி. வாசல்ல நிக்கவச்சு 'வேணாம், போய்யா'ன்னு விரட்டுவாங்க பாருங்க, அதைத் தாங்குறதுக்கு யாரும் சொல்லிக் குடுக்க முடியாது. அப்படி ஏதாச்சும் அடிபட்டு வளந்திருக்கீங்களா? உங்க சொந்த அனுபவம் ஒண்ணு சொல்லுங்க."

சாய்பிரசாத் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான்.

மலையாண்டி கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

"சரி, பரவாயில்ல. சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் யாரும் இதுவரை சொல்லி அனுப்பியதில்லை.

"இருக்கு சார்" என்றான் அவசரமாக. "ரெண்டாவது வருஷம் படிக்கும்போது எங்கப்பா இறந்துட்டாரு."

எழுந்திருக்கப்போன மலையாண்டி அப்படியே உட்கார்ந்தார்.

"அப்பா தையல் கடைகளுக்கு நூல்கண்டு போட்டுக்கிட்டிருந்தாரு. அப்புறம் அதை நான் எடுத்துக்கிட்டேன். காலேஜ் இல்லாத நாளெல்லாம் சைக்கிள்ல கடை கடையா லைனுக்குப் போவேன். சமயநல்லூர்ல ஒரு டெய்லர், 'உன் நூலு அந்து அந்து போகுதுய்யா'ன்னு பெட்டியோட தூக்கி ரோட்டுல எறிஞ்சாரு. பஸ்ஸுக்கு நின்ன சனம் பூராம் பார்த்துச்சு. கண்டு ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் உருண்டு ஓடுது. குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குனேன். சைக்கிளை எடுத்ததும் அழுகையா வந்துச்சு சார். ஆனா மறுநாளும் அவரு கடைக்கே போனேன். 'எந்த நூல் வேணும்னு சொல்லுங்கண்ணே, அதைக் கொண்டு வாரேன்'னேன். இன்னைக்கு வரைக்கும் அவருக்கு எங்க நூல்தான்."

சொல்லி முடித்தபோது அவன் தலை கவிழ்ந்திருந்தது.

"இதுல வெக்கப்பட என்ன இருக்கு? தலையைத் தூக்குய்யா." மலையாண்டியின் குரல் மாறியிருந்தது. "எனக்கும் அப்பா கிடையாது. எட்டாப்பு படிக்கையிலயே போயிட்டாரு. தகப்பன் இல்லாம வீதியில நிக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"வேலை உனக்குத்தான். திங்கக்கிழமை கோரிப்பாளையம் ஆபீசுக்கு வந்துரு."

சாய்பிரசாத் எழுந்து நன்றி சொன்னான். அப்பாவின் சாவைச் சொல்லி வேலை வாங்கிவிட்டோமே என்று, சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவனுக்கு உடம்பு கூசியது.

மலையாண்டி அவன் தோளில் கைபோட்டு வெளியே கூட்டி வந்தார். வராந்தா பெஞ்சில், இன்னும் கூப்பிடப்படாத இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஓரத்தில் வேட்டி கட்டிய ஒருவர் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். கதவுச் சத்தத்தில் விழித்து எழுந்து நின்றார்.

"தம்பிகளா, இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கங்க" என்றார் மலையாண்டி, பையன்களிடம். "இன்ஜினீயரு. ஆனா அப்பா செத்த பிறகு, சமயநல்லூர் ரோட்டுல கிடந்த நூல்கண்டைப் பொறுக்கி எடுத்து, எறிஞ்சவன்கிட்டயே திரும்பப் போய் வியாபாரம் பண்ணியிருக்கான். இவன் அப்பா மட்டும் இன்னைக்கு இருந்திருந்தா எம்புட்டு பூரிச்சுப் போயிருப்பாரு!"

வேட்டிக்காரர் முகத்தில் அரும்பிய சிரிப்பு பாதியில் நின்றது. அவர் சாய்பிரசாத்தைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

மலையாண்டி அப்போதுதான் அவரைக் கவனித்தார்.

"ஐயா யாரு? தம்பி கூட வந்தவங்களா?"

"சார்... இவரு..." என்று இழுத்தான் சாய்பிரசாத்.

வேட்டிக்காரர் மலையாண்டியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பக்கத்து வீடு சார். அப்பா இல்லாத பிள்ளை தனியா வருதேன்னு துணைக்கு வந்தேன்" என்றார், சாய்பிரசாத்தின் அப்பா.