பதினைந்தாவது நாற்காலி

அறக்கட்டளையின் கிடங்கில் சக்கர நாற்காலிகளை ஆடிட்டர் மூன்றாம் முறையாக எண்ணுகிறார். பதிவேட்டில் பதினான்கு, தரையில் பதினைந்து. "குறைஞ்சா எங்கேன்னு கேக்கலாம். கூடினா என்னன்னுங்க கேக்கறது?" என்று தலையைச் சொறிகிறார். ஜன்னல் வெயிலில் மற்றவையெல்லாம் பாலித்தீன் உறைக்குள் பளபளக்கின்றன. ஓரத்தில் நிற்கும் சின்ன நாற்காலியின் மெத்தையில் மட்டும் ஒரு குழி, கைப்பிடியில் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். செயலாளர் அம்மா கையில் போனோடு அதனருகே நிற்கிறார். "போன வருஷம் ஒரு சின்னப் பொண்ணுக்குக் கொடுத்தது சார். காலையில அவ அப்பா தள்ளிட்டு வந்தாரு. 'இனிமே தேவைப்படாதும்மா'ன்னு கண்ணு கலங்கச் சொல்லிட்டுப் போயிட்டாரு." ஆடிட்டரின் பேனா 'திரும்பி வந்த காரணம்' என்ற கட்டத்துக்கு மேலே நிற்கிறது. "நடக்க ஆரம்பிச்சுட்டாளா, இல்ல..." "அதாங்க தெரியல. நாலு தடவை அவர் நம்பரை எடுத்துட்டேன். அழுத்தத்தான் விரல் வரல."