ஒரே ஒரு ஃபாலோயர்

கண்டுபிடித்துவிட்டான்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் சக்கரம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு சுற்றியது. அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் அவள் கைப்பேசியையே வெறித்துக்கொண்டிருந்தாள். ஊர் மாறி, பெயர் மாறி, இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டு வந்தவள். அப்படியும் அவள் புருஷன் கண்டுபிடித்துவிட்டான்.

அவள் படம் போடுவது இணையத்தில் ஒரு சின்ன சர்வரில். சில நூறு பேர் மட்டும் புழங்கும் இடம், ஆள் தெரிந்துதான் உள்ளே விடுவார்கள். லென்ஸ் வழியே தலைகீழாகத் தொங்கும் தெரு, மழைத்துளி, எதிர்வீட்டு மதில்மேல் தூங்கும் பூனை என்று தினமும் ஏதாவது போடுவாள்.

அந்தப் படங்களெல்லாம் அவள் காலடியே வைக்காத ஒரு பெரிய நெட்வொர்க்கில், அதே கணக்குப் பெயரில், வரிசையாக நின்றன. ஏதோ தேடப்போய் இன்றுதான் கண்ணில் பட்டது. அங்கே அவளுக்கு ஒரே ஒரு ஃபாலோயர். முகம் இல்லை, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். ஆனால் ஒரு படம் விடாமல் இதயம் போட்டிருந்தது.

சின்ன சர்வரை நடத்துகிற பையனுக்கு ஃபோன் செய்தாள். எதைக் கேட்டாலும் பாடம் எடுப்பதால் எல்லோருக்கும் அவன் வாத்தியார்.

“அது பாலம்க்கா. நம்ம பக்கம் போடுறதை காப்பி எடுத்து அந்தப் பக்கம் காட்டுற புரோகிராம். சேரும்போது கேட்டிருக்கும், நீங்களும் சரின்னு அமுக்கியிருப்பீங்க.”

“கேட்டதுக்கெல்லாம் சரின்னு சொல்லித்தானே எனக்குக் கல்யாணமே ஆச்சு.”

“அங்க இருக்கிறவங்க உங்களைப் பாக்கலாம். ஆனா அவங்களும் பாலத்துல சேர்ந்தாத்தான் அவங்க எழுதறது உங்களுக்கு வரும். இந்த ஆள் சேரலை.”

“ஒளிஞ்சு நின்னு பாக்கிறான்.”

“இதயம் போட்ட நாளைப் பாருங்களேன். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், அதுவும் மத்தியானத்துல. சனி, ஞாயிறு லீவு. வேவு பாக்கிறதைக்கூட உத்தியோகம் மாதிரி பண்றான்!”

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறவன், மத்தியானம் கம்ப்யூட்டர் சும்மாதான் கிடக்கும். சனி, ஞாயிறில் அவனுக்கு நினைவே இருக்காது, குடித்துவிட்டுக் கவிழ்ந்து கிடப்பான்.

எந்தப் படத்தில் மாட்டினோம் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பூனையைத் தடவும் படத்தில் மணிக்கட்டு தெரிந்தது. இஸ்திரிப்பெட்டியால் அவன் வைத்த சூடு. வைத்தவனுக்கு அடையாளம் தெரியாதா?

மகளை நினைத்தாள். பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு. ஓடிவந்த அன்று பிள்ளை மாமியார் வீட்டில் இருந்ததால் கூட்டிவர முடியவில்லை. வீட்டுக்கு ஃபோன் செய்தால் அவன்தான் எடுப்பான். பிள்ளையிடம் இருந்த ஃபோனை எப்போதோ சுவரில் அடித்து நொறுக்கியிருந்தான். வழக்குப் போட்டு மகளை வாங்கிவிடலாம் என்று வக்கீல் தைரியம் சொல்லியிருந்தார். வாங்குவதற்கு அவள் உயிரோடு இருக்க வேண்டும். கண்டால் கொல்வேன் என்றவன், சொன்னதைச் செய்கிறவன்.

“அறுத்து விட்டுடலாம் தம்பி.”

“ஒரு நாள் யோசிங்கக்கா. பாலத்தை பிளாக் பண்ணினா அந்தப் பக்கம் உங்க நிழல்கூட இருக்காது. அழிஞ்சா அழிஞ்சதுதான், மறுபடி அதே கணக்கா அங்க போக முடியாது.”

“நிழல் போனா போகட்டும். தலை தப்பணும்ல?”

அமுக்கினாள். மறுபடி தேடிப் பார்த்தாள். பெரிய நெட்வொர்க்கில் தெருவும் இல்லை, மழையும் இல்லை, பூனையும் இல்லை. அப்புறம்தான் சக்கரத்தை நிறுத்தினாள். சக்கரத்தில் இருந்த லென்ஸ் பாதிக்கு மேல் தேய்ந்து வீணாகியிருந்தது. முதலாளியிடம் வாங்கிய திட்டுகூட அன்று இனித்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் வாத்தியார் கூப்பிட்டான். அவள் ஒரு ஃபிரேமுக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்த ஃபாலோயர் பாலத்துக்கு மெசேஜ் போட்டிருக்கு. அந்தக் கணக்கு எங்க போச்சுன்னு. பாலத்தை நடத்துறவர் இப்பத்தான் எனக்கு அனுப்பினார்.”

“விடமாட்டான்னு எனக்குத் தெரியும். என்ன சொன்னாங்க?”

“அங்க மெஷின்தான் பதில் சொல்லும். ‘கணக்கின் சொந்தக்காரர் பிளாக் செய்துவிட்டார்’னு சொல்லியிருக்கு.”

“நல்லா வேணும்! அப்புறம்?”

“அப்புறம் ஒரே ஒரு வரி எழுதிட்டு, கணக்கையே மூடியாச்சு. திருப்பிப் பதில் போடலாம்னு அவர் பாத்திருக்கார், வழியே இல்லை.”

“தொலைஞ்சான்!”

அவள் தோள்கள் இறங்கின. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். “கெட்ட வார்த்தைதானே எழுதியிருக்கான்? அவன் வாயில வேற என்ன வரும்? பரவாயில்ல தம்பி, கூச்சப்படாம படி.”

எப்போதும் பாடம் எடுக்கிறவன் ஒவ்வொரு சொல்லாகப் படித்தான்.

“‘என்னையுமா பிளாக் பண்ணிட்டே, அம்மா?’”