அகிம்சைப் பந்தல்

"அடிச்சாலும் வாங்கிக்கணும். யாரும் கையை ஓங்கக் கூடாது!"

வெங்கட்ரமணன் சார் மைக்கில் முழங்க, பந்தலில் கைதட்டல் பறந்தது.

மல்காஜ்கிரியில் பள்ளிக்கூடத்தை ஒட்டித் திறந்த வைன் ஷாப்பை மூடச் சொல்லித் தர்ணா. தலைமை, ரிட்டயர்டு புரொபசரான வெங்கட்ரமணன். கதர் ஜிப்பா, சாந்தமான சிரிப்பு. அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறார் என்று ஊரே பேசிக்கொண்டது.

ரோஸ்லினுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மகன் கலேப் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ராணுவத்துக்கு ஓட்டம், மெடிக்கல் எல்லாம் பாஸ். ஆர்டர் வருவதுதான் பாக்கி.

"எந்திரிச்சு வாடா. ஒரு கேஸ் விழுந்தா உன் மிலிட்டரி வேலை அவ்வளவுதான்!"

"நக்கோ மம்மி, வரமாட்டேன். சும்மா உட்கார்ந்திருக்கிறவன் மேல யாரு கேஸ் போடுவா?"

வெங்கட்ரமணன் சார் மேடையை விட்டு இறங்கி வந்தார். "பயப்படாதீங்கம்மா. அகிம்சைக்கு முன்னாடி எந்தப் படையும் நிக்காது."

சொன்னாரே தவிர, அவரும் நிலைகொள்ளாமல் ரோட்டையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்ரென்று ஜீப் ஒன்று வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் ஆனந்தகுமார் குதித்து இறங்கினார். கலேபின் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து ஜீப்பில் தள்ளினார்.

"எதுக்கு சார் இழுக்கறீங்க? என் பிள்ளை என்ன பண்ணான்?" ரோஸ்லின் அலறிக்கொண்டே ஜீப்பைப் பிடித்துத் தொங்கினாள்.

"நீங்களும் ஏறுங்க!"

"போலீஸ் அராஜகம் ஒழிக!" பந்தல் கொதித்தது. வெங்கட்ரமணன் சார் முகத்தில் இப்போதுதான் களை வந்தது.

"உட்கார்ந்திருக்கிற பையன்கிட்டதான் உங்க வீரமா? நீங்கல்லாம் மனுஷங்களா?" வழி முழுக்க ரோஸ்லின் திட்டித் தீர்த்தாள். இன்ஸ்பெக்டர் ஜீப்பை வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஜீப் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

"இறங்குங்க. இன்னைக்கு இவனை வெளியே விடாதீங்கம்மா. இவன் மேல எந்தக் கேஸும் இல்லைன்னு மிலிட்டரிக்கு வெரிஃபிகேஷன் எழுதிக் கொடுத்ததே நான்தான்."

ரோஸ்லினுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ எதுக்கு சார்...?"

"ரிசர்வ் போலீஸ் வந்துக்கிட்டிருக்கு. தடியடி நடக்கும். முன்வரிசைப் பசங்க அத்தனை பேர் மேலயும் கேஸ் விழும். கூப்பிட்டா வரமாட்டானுங்க. மத்தவனுங்களையும் இப்படித்தான் இழுத்துட்டு வரணும்."

கலேபுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்க கையைக்கூடத் தூக்கலையே சார். எங்களை எதுக்கு அடிக்கணும்?"

"தடியடி நடத்தச் சொல்லி வந்தவர்கிட்ட நானும் அதைச் சொல்லித்தான் முடியாதுன்னேன். என்னைத் தாண்டி மேலதிகாரியைப் பிடிச்சுட்டார். அந்த அதிகாரி இவரோட பழைய ஸ்டூடண்டாம்."

"யாரு சார்? வைன் ஷாப் ஓனரா?"

இன்ஸ்பெக்டர் ஜீப்பைத் திருப்பியபடியே சொன்னார்:

"உங்க வெங்கட்ரமணன் சார்தான். டிவிக்காரங்க வர்ற நேரத்துல ரெண்டு மண்டையாவது உடைஞ்சிருக்கணுமாம்."