காலி மைதானம்

மனித குலத்தின் அச்சங்கள் அனைத்தும் காற்றழுத்தக் கோளாறால் வந்தவை என்பது, பெயிண்ட் குண்டால் சுட்டு விளையாடும் பெயிண்ட்பால் மைதானத்தில் துப்பாக்கிகளின் வேகத்தைச் சரிபார்க்கும் இன்பனின் கண்டுபிடிப்பு. கூட வேலை செய்யும் மெர்சியோ, ஒவ்வொரு முறை சுடும் முன்பும் காலி மைதானத்தைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பாள்.

"யாரு மெர்சி, காத்தா? டீ குடிக்குமான்னு கேளேன்."

"சிரிக்காதடா. சொல்லாம சுட்டா அவர் மேல படும்."

இன்பன் துப்பாக்கியின் காற்றழுத்தத்தைக் கூட்ட ரெகுலேட்டர் திருகை ஏற்றி, சொல்லாமலே சுட்டான். மீட்டர் அனுமதித்த வேகத்தையும் தாண்டிக் காட்டியது. குண்டு எதிர்ப்பலகைக்குப் போகவில்லை. பாதி வழியில், ஆளின் நெஞ்சு உயரத்தில், வெறும் காற்றில் உடைந்தது. மஞ்சள் பெயிண்ட் அங்கேயே நின்று மெல்ல வழிந்தது. பிறகு ஓரடி முன்னால் வந்தது.

மெர்சி இன்பனைப் பார்க்கவில்லை. அவன் திருகை இரண்டு சுற்று இறக்கினான்.

"ரொம்ப வலிக்குதாண்ணே?" என்றான், அவளுக்குக் கேட்காத குரலில்.