பொத்தான் டப்பா

"பன்னெண்டு... பதிமூணு... பதினாலு!"

ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சட்டைப் பொத்தான் தகர டப்பாவுக்குள் விழுந்தது. டணங், டணங், டணங்.

"ஒரே மூச்சுல மூணு 'வந்து'வா? நான் எங்கங்க சொன்னேன்?"

"சொன்னியே! 'குழாய் வந்து, மண்ணுக்கடியில வந்து, ஒழுகறப்ப வந்து...' அந்தக் குழாய் எங்கேருந்துதான் வந்துச்சோ!" என்று சிரித்தான் அவள் கணவன்.

அவன் தையல்காரன். அவள் ஆராய்ச்சி மாணவி. தெருவுக்கடியில் போகும் குடிநீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்பதைத் தோண்டாமலே, தரையில் கருவியை வைத்துச் சத்தம் கேட்டுக் கண்டுபிடிப்பது அவள் வேலை. காது அவ்வளவு கூர்மை. வாய்தான் காலை வாரிவிடும்.

போன வருடக் கருத்தரங்கில் மானம் கப்பலேறிவிட்டது. "அது வந்து... இது வந்து..." என்று அவள் இழுத்தபோது பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், படித்ததெல்லாம் மறந்துபோனது. மாணவர்கள் 'கத்தரிக்கோல்' என்று பட்டப்பெயர் வைத்திருந்த பேராசிரியர் ஐந்தாவது நிமிடமே மணியை அடித்து உட்கார வைத்துவிட்டார்.

நாளைக்கு நடக்கும் கருத்தரங்குப் போட்டிக்கும் அவர்தான் நடுவர். பன்னிரண்டு நிமிடம். முதலிடம் வந்தால் ஆராய்ச்சியை இன்னும் இரண்டு வருடம் தொடரலாம். சொதப்பினால் ஐந்து வருட உழைப்பு அலமாரிக்குப் போகும்.

"ஆமா, திரையில எத்தனை படம் காட்டப்போறே?"

"நாப்பத்தாறு."

"பன்னெண்டு நிமிஷத்துக்கா? கைக்குழந்தை சட்டைக்கு முழு பீஸையும் சுத்திவிடறியே! வெட்டு."

ஈவிரக்கமில்லாமல் வெட்டினார்கள். எட்டுப் படம் மிஞ்சியது. என்ன கண்டுபிடித்தாள் என்பதைக் கடைசிவரை பொத்தி வைக்காமல் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது என்று முடிவானது. பேச்சு அளவெடுத்துத் தைத்தது போலாகிவிட்டது. இந்தப் பாழாய்ப்போன 'வந்து' மட்டும் போவேனா என்றது. எத்தனை தடவை பேசிப் பார்த்தும் பொத்தான் கணக்கு ஒன்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

"நாளைக்கு டப்பாவோட வாங்க. முதல் வரிசையில உட்காருங்க."

"விளையாடறியா? அங்க போய் டணங்குன்னு போட்டா கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடுவாங்க!"

"மெதுவா போடுங்க. எனக்குக் கேட்டாப் போதும். சத்தம் வரலைன்னா ஒழுங்கா பேசறேன்னு தைரியமா இருக்கும். ஒண்ணு விடாம போடுவேன்னு சத்தியம் பண்ணுங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சத்தியமா ஒண்ணு விடாம போடறேன்" என்றான்.

மறுநாள் அவள் மேடையேறினாள். கத்தரிக்கோல் மணியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். முதல் வரிசையில் மடியில் டப்பாவோடு கணவன். அவனைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று பார்வையைக் கடைசி வரிசையில் நட்டுவைத்தாள்.

"இப்ப, இந்த நிமிஷம், இந்த வாசலுக்கு வெளியில ஒரு குழாய் ஒழுகிட்டிருக்கு. காலையில வர்றப்ப கேட்டேன்."

அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஒரு நிமிடம் போனது. டப்பாவிலிருந்து சத்தமில்லை. மூன்று நிமிடம். இல்லை. அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. குரல் ஏறியது. கை தானாக வீசிப் பேசியது.

"சத்தம் கேட்கலைங்கறதால ஒழுகலைன்னு நம்பிடாதீங்க! குழாயைச் சுத்தி இருக்கற மண்ணு வந்து மெத்துனு இருந்தா, சத்தத்தை அப்படியே முழுங்கிடும். நிறைய ஒழுகற இடமே சில நேரம் அமைதியா இருக்கும். இதுதான் நான் கண்டுபிடிச்சது."

"அப்ப அதை எப்படிம்மா பிடிப்பே?" என்று மடக்கினார் கத்தரிக்கோல்.

"மண்ணைக் கேட்கமாட்டேன் சார். பக்கத்து வால்வுல காதை வைப்பேன். மண்ணு மறைக்கும், இரும்பு காட்டிக்கொடுத்துடும்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மணியடிக்க வந்த கையால் கத்தரிக்கோலும் தட்டினார். சாயங்காலம் முதலிடத்தை அறிவித்தபோது, "பேசினா இப்படிப் பேசணும். ஒரு இடத்துல தடுமாற்றம் உண்டா?" என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார். அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

வெளியே வந்ததும் படியிலேயே கணவனைப் பிடித்துக்கொண்டாள். "பார்த்தீங்களா? ஜெயிச்சுட்டேன்! ஒரு டணங் உண்டா? ஒண்ணே ஒண்ணு?"

"இல்லையே!" என்றவன் டப்பாவை நைசாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

அவள் பிடுங்கினாள். கனத்தது. மூடியைத் திறந்தாள். அடியில் இரண்டு மடிப்பாக மெத்தென்று ஒரு வெல்வெட் துண்டு. அதன்மேல் குவியலாகப் பொத்தான்கள். எண்ணினாள். முப்பத்தொன்று!

"என்னங்க இது?"

"சத்தியத்தை மீறலையே, ஒண்ணு விடாமத்தானே போட்டேன்? அது வந்து..." என்று இழுத்தான் அவன்.

அவன் சட்டைப் பையில் மிச்சமிருந்த பொத்தானை எடுத்து, "முப்பத்திரெண்டு!" என்று சிரித்தபடி அவளே டப்பாவில் போட்டாள். அவள் காதுக்குக்கூட ஒரு சத்தமும் கேட்கவில்லை.