நாளைய சீட்டு

சர்வர் அறைப் பொறியாளருக்கு ஏ.டி.எச்.டி.; கவனம் ஓரிடத்தில் நிற்காது. அதனால் செய்ய வேண்டிய ஒவ்வொன்றையும் மஞ்சள் சீட்டில் எழுதும் நாளின் தேதி போட்டு எழுதித் திரையில் ஒட்டுவாள். முடிந்ததும் கிழிப்பாள்.

அன்று கடைசிச் சீட்டு: "பழைய சர்வரை அழி." அதன் அடியில் எழுதிய நினைவே இல்லாத இன்னொன்று, அவள் கையெழுத்திலேயே: "முதலில் பேக்கப்பைத் திறந்து பார்."

திறந்தாள். நகல் இருக்க வேண்டிய இடம் காலி. அழித்திருந்தால் ஒரு மருத்துவமனையின் மொத்தப் பதிவுகளும் போயிருக்கும்.

மேலாளர் ஓடி வந்து திரையைப் பார்த்தார். "கையில பேனாவ வச்சுக்கிட்டே பேனா தேடுற ஆளு நீ! எப்படிம்மா புடிச்ச?"

"என் சீட்டு என்னைக் கைவிடாது சார்" என்றாள், தலைநிமிர்ந்து.

அப்போதுதான் பார்த்தாள். அந்த இரண்டாவது சீட்டில் நாளைய தேதி.

மறுநாள் பையைக்கூட இறக்காமல் அதே வரியை அன்றைய தேதி போட்டு எழுதி ஒட்டினாள். பேனாவை மூடி நிமிர்ந்தபோது சீட்டு அங்கே இல்லை.

"பாத்தியா, மறக்கல!" என்றாள் வெறும் திரையிடம்.